வேர் பிடித்தால் முயல்

துவாரகாவில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக்குக் கறிவேப்பிலைக் கன்று வந்தபோது எனக்கு ஏழு வயது. நர்சரிக்காரர் அதைத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, வேர் பிடிக்க ஒரு மாதமாகும் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். முயல் வேண்டுமென்று நான் அப்பாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. "மொதல்ல இதைக் காப்பாத்து. வேர் பிடிச்ச அன்னைக்கே முயல்" என்றார் அப்பா.

வேர் பிடித்ததா இல்லையா என்று பார்க்காமல் எப்படித் தெரியும்? பள்ளிவிட்டு வந்ததும், அம்மா கண்ணயரும் நேரத்தில், கன்றை மண்ணோடு மெல்லத் தூக்கிப் பார்ப்பேன். ஒருநாள் வெள்ளை நூல்போல இரண்டு எட்டிப் பார்த்தன. மறுநாள் அவற்றைக் காணவில்லை. பார்த்து முடித்ததும் மறுபடி நட்டு, அழுத்திவிட்டு, நல்ல பிள்ளையாகத் தண்ணீர் ஊற்றுவேன். இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன.

"கீழ் வீட்டுக்காரி செடியைப் பாத்து 'கித்னா அச்சா ஹை', எவ்வளவு நல்லாருக்குன்னு சொன்னப்பவே நெனச்சேன். கண்ணு பட்டுருச்சு" என்று அம்மா தொட்டிக்குச் சுற்றிப் போட்டாள். அப்பா துவாரகா தண்ணீரைத் திட்டினார். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. நானும்தான்.

முயல் கைநழுவிப் போகிறதே என்று நான் அழுதுகொண்டிருந்த சமயத்தில் எனக்கு அம்மை போட்டது. வேப்பிலை பரப்பிய படுக்கையைவிட்டு மூன்று வாரம் நகரவிடவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று பால்கனிக்குப் போனால், மொட்டைக் குச்சியில் பச்சைத் துளிர்!

"ஆத்தா வந்த வீட்டுல சும்மாவா போவா? செடியையும் பொழைக்க வெச்சுட்டா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கோ முயல் கவலை. அம்மா உள்ளே போனதும் வழக்கம்போலக் கன்றைத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தொட்டிதான் ஆடியது. அடியில் ஆத்தா உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் இழுக்கிறாள், நான் தினமும் திருட்டுத்தனமாகத் தூக்கிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது! வேர் பிடித்த செடி அப்படித்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

நேரே அப்பாவிடம் ஓடினேன். "எனக்கு முயலே வேணாம்ப்பா, ப்ராமிஸ்!"

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. "சரிடா கண்ணு" என்று சொன்ன வேகம்தான் இன்றுவரை மறக்கவில்லை.