வெள்ளிக்கிழமை வெளியே போன நெல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத அடைமழையில் நடந்தது இது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. கணவருக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் நானும் ஆறு வயது மகளும்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு மூச்சிரைப்பு. படுத்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல் சத்தம் கேட்கும். வாரம் ஒருமுறையாவது கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வீட்டில் எங்காவது ஈரம் தங்குகிறதா என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தினம் இரண்டு வேளை வீடு துடைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! ஐஸ்கிரீம், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டேன். குளிர்காற்று படக்கூடாதென்று படுக்கையறை ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தி வைத்தேன்.

அந்த அறையில்தான் எங்கள் சாப்பாட்டுக்கான குறுவை நெல்லைச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தேன். பதினான்கு மூட்டைகள். மழைக்கு நடுவே அறுத்த நெல், சரியாகக் காயவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலே ஒரு பூப்போட்ட போர்வை வேறு!

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரைஸ் மில்லில் அரைத்த அரிசியை இறக்க லோடுமேன் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூட்டையோடு அந்த அறைக்குள் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இந்த ரூம்ல யாரும்மா படுக்குறது?"

"நானும் பாப்பாவும்தாண்ணே. ஏன்?"

மறுபடி உள்ளே போய் ஓரத்து மூட்டைகளை நகர்த்திக் காட்டினார். சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். சாக்குகளிலும் அதே. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் கசிந்து, சுவரே ஊறிப்போயிருந்தது.

எல்லாவற்றையும் இப்போதே வெளியே எடுத்துவிடலாம் என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வெள்ளிக்கிழமை நெல்லை வாசல் தாண்ட விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "நாளைக்கு எடுத்துக்கலாம்ணே" என்றேன்.

"மகாலட்சுமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்கம்மா. புள்ளைய இன்னொரு நாள் இதுல படுக்க வைக்காதீங்க. இந்த நாத்தம் எனக்கு நல்லாத் தெரியும்."

எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பதினான்கு மூட்டைகளையும் ஒற்றை ஆளாகச் சுமந்து மாட்டுக்கொட்டகையில் போட்டார். அது அவர் வேலையே இல்லை. கடைசி மூட்டையை இறக்கியதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்து, வாயில் வைத்து இரண்டு முறை உறிஞ்சினார். என் மகளுக்கு டாக்டர் கொடுத்திருந்த அதே மருந்து! பல வருட மில் தூசி அவர் நெஞ்சைப் பிடித்திருந்தது.

பதறிப்போய், "இதை வெச்சுக்கிட்டா அந்த ரூமுக்குள்ள போனீங்க?" என்று கேட்டேன்.

"கஷ்டம் தெரிஞ்சவன்தானம்மா தூக்கணும்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு மூட்டை இறக்கப் போய்விட்டார்.

பிறகு குழாயைச் சரிசெய்து, சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசினோம். மகளுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. இப்போது அவள் இழுப்பு இல்லாமல் அயர்ந்து தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், தனக்கே போதாத மூச்சில் ஒரு பங்கை முன்பின் தெரியாத என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.