ஓடும் தண்ணீரைத் தாண்டாதவன்

பிப்ரவரி பிறந்தால் ஹாரோ தீவில் எல்லோர் கையிலும் காசு புரளும். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரியை அரசாங்கம் திருப்பிக் கொடுக்கும் மாதம் அது. அதை நம்பித்தான் இங்கே கார் டயர் மாற்றுவார்கள், பல் கட்டிக்கொள்வார்கள், கல்யாணத்துக்கே நாள் குறிப்பார்கள். பள்ளிக்கூடத்துச் சமையற்காரி லவீனியாவுக்கு மட்டும் பணத்துக்குப் பதில் ஒரு கடிதம் வரும். பழைய பாக்கிக்காக உன் பணத்தை மாவட்ட அலுவலகம் எடுத்துக்கொண்டது என்று இரண்டே வரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது வேறென்ன?

அந்தப் பணம் அவளுக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வேண்டியிருந்தது. புருஷன் சீஃபஸின் கல்லறைக்குப் பேர் வெட்டிய கல் ஒன்று வைக்க வேண்டும்.

சீஃபஸ் இறால் படகில் வேலை பார்த்தவன். இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அவனுடைய அப்பாவும் அண்ணன்மாரும் தேவாலயத்துக்குப் பின்னால் ஓக் மரங்களடியில் பேரில்லாமல் கிடக்கிறார்கள். யார் தலைமேல் கால் வைக்கிறோம் என்றே தெரியாது. அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

"என்னையும் இப்படிப் போட்டுடாத, லவீ. பேர் வெட்டி ஒரு கல்லு வை. இல்லன்னா நானே வந்து கேப்பேன், பாத்துக்க" என்பான்.

"கல்லு வைக்கணும்னா முதல்ல நீ சாகணும்ல? அதுக்கே உனக்குச் சோம்பேறித்தனம்" என்று அவள் சிரிப்பாள். "வரிப்பணம் வரட்டும்யா. நிச்சயமா வைக்கிறேன்."

ஒரு மழைக்காலத்தில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் சாய்ந்தான். ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆம்புலன்ஸ் மாவட்டத்துடையது. அதன் கட்டணத்தை லவீனியாவால் கட்ட முடியவில்லை. கல்லுக்கென்று அவள் எதிர்பார்த்திருந்த வரிப்பணத்தை அந்த வண்டி விழுங்கியது. இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது!

ஊர் வழக்கப்படி, அவன் கடைசியாகத் தொட்ட சாமான்களைக் கல்லறைமேல் வைத்திருந்தார்கள். அடி உடைத்த காப்பிக் கோப்பை, நிறுத்திய கடிகாரம், தீப்பெட்டி. தலைமாட்டில் ஒரு தகரத் தட்டு, அதில் பேர் எழுதிய தாள். அந்தத் தாளில் மை முழுதும் கரைந்த வாரத்தில்தான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இருட்டுகிற நேரம், தேவாலயப் பாதையில், ஒரு கால் ஊன்றும், ஒரு கால் இழுபடும். வாசற்படிவரை வரும். நிற்கும். லவீனியா விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் தாழிடுவாள்.

சீஃபஸின் தங்கை ஃப்ளோரின் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கண்ணன் வாக்கு கேட்டு வர்றான், அண்ணி. ஓடுற தண்ணிய செத்தவங்க தாண்டமாட்டாங்க. தோட்டத்துக் குழாயத் திறந்து பாதைக்குக் குறுக்க விடுங்க."

"பேய் அண்டாம வாசல் கூரைக்கு நீலம் அடிச்சிருக்கே, அது போதாதா?"

"அது ஊரான் வீட்டுப் பேய்க்கு. அந்த நீலத்த அடிச்சவனே இவன்தானே, அதுக்கா பயப்படப் போறான்?"

குழாயைத் திறந்துவிட்டாள். சத்தம் நின்றது. தண்ணீர் ராப்பகலாக ஓடியது. அடுத்த பிப்ரவரியில் தண்ணீர்க் கட்டணம் என்று சொல்லி வரிப்பணத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த பிப்ரவரியிலும் அப்படியே. கல் இல்லாததால் அவன் வருகிறான். அவன் வருவதால் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் ஓடுவதால் கல் இல்லை. செக்குமாடாகச் சுற்றினாள் பாவம்.

கடைசியில் மாவட்டத்தின் தண்ணீர் அலுவலகத்துக்கே போனாள். அங்கே இருந்த வெண்டல் அவள் கையால் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"லவீனியாம்மா, ஆத்தையே உங்க தோட்டத்துல விட்டிருக்கீங்களா? மத்தவங்க கட்டலன்னா குழாய அடைச்சிடுவோம். உங்களுக்குத்தான் விட்டு வச்சிருக்கோம். எப்படியும் பிப்ரவரில உங்க பணம் எங்ககிட்டத்தானே வருது."

"இத நிறுத்தணும்னா என்னப்பா செய்யணும்?"

"குழாய மூடணும்மா. வேற என்ன? மூடிட்டீங்கன்னா அடுத்த வருஷம் பணம் முழுசா உங்களுக்குத்தான்."

அன்று மாலை மூடினாள். இருட்டியதும் கால் இழுபடும் சத்தம் பாதையில் வந்தது, ஈர மண்ணைக் கடந்தது, படியில் நின்றது. கதவுக்குப் பின்னால் நின்று அவள் சொன்னாள்: "கத்தாத. அடுத்த பிப்ரவரில கல்லு வந்துடும். சத்தியம்."

அவன் எங்கே கத்தினான்? படியில் உட்கார்ந்தான். பலகை முனகிய சத்தம் கேட்டது. உயிரோடு இருந்தபோதும் வேலை முடிந்து அப்படித்தான் உட்காருவான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனான்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். பயம் எப்போது போனது என்று லவீனியாவுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக் கதையைக் கதவிடுக்கு வழியாகச் சொல்ல ஆரம்பித்தாள். தலைமையாசிரியையைத் திட்டினாள். சோளக்கஞ்சி அடிப்பிடித்ததைச் சொன்னாள். கோடையில் அவனுக்கும் சேர்த்துக் காப்பி போட்டுப் படியில் வைத்தாள். அவன் எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தால் கோப்பை நிறைந்தபடியே இருக்கும், ஆனால் ஐஸ்போலச் சில்லென்றிருக்கும். அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பேசியதில்லை, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை.

இலையுதிர்காலத்தில் வெண்டல் கடைத்தெருவில் எதிர்ப்பட்டான். "நல்ல சேதிம்மா! தலைநகருக்கு அனுப்புற பாக்கிக்காரங்க பட்டியல்ல இந்தத் தடவ உங்க பேரு வராது. கல்லுக்குச் சொல்லிடுங்க. இனிமே ஐயா நிம்மதியா தூங்குவாரு."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் லவீனியாவுக்கு உறைத்தது. தூங்கிவிடுவான். கல் வந்தால் அவன் ஏன் வரப் போகிறான்?

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் போனாள். பொழுது சாயும்போது மூடினாள். தினமும் அதே. ஃப்ளோரின் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பகல்ல எந்தப் பேய் அண்ணி வருது? வர்ற நேரத்துல மூடிட்டு, வராத நேரத்துல திறக்கிறீங்க!"

"செடி காயுது" என்றாள் லவீனியா. தோட்டத்தில் செடியே இல்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. அன்று மாலை அவன் படியில் உட்கார்ந்ததும் கதவோரம் நின்று சொன்னாள்: "இந்த வருஷமும் எடுத்துக்கிட்டாங்கய்யா. நான் என்ன செய்வேன்? மாவட்டத்துக்காரங்க நெஞ்சுல ஈரமில்லாதவங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பிறகு அவன் எழுந்தான். வழக்கம்போல் பாதைப் பக்கம் போகவில்லை. வீட்டைச் சுற்றித் தோட்டத்துப் பக்கம் போனான். இரும்பு கிறீச்சிட்டது. லவீனியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

காலையில் போய்ப் பார்த்தாள். குழாய் இருந்தது. அதன் திருகுபிடி இல்லை. வேலைக்குப் போகாமல் நேரே தேவாலயத்துக்குப் பின்னால் நடந்தாள்.

உடைந்த கோப்பைக்கும் நின்ற கடிகாரத்துக்கும் நடுவில், மற்ற சாமான்களோடு சாமானாக, அந்தத் திருகுபிடி இருந்தது. அவன் கடைசியாகத் தொட்டது அது. தலைமாட்டுத் தகரத்தில் வெறும் வெள்ளைத்தாள் காற்றில் படபடத்தது.

"தெரிஞ்சு போச்சா உனக்கு?" என்று கேட்டாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "நீ போயிடுவேன்னுதான்யா பொய் சொன்னேன். வேற எதுக்கும் இல்ல."

அன்று மாலை இரண்டு கோப்பை காப்பி போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தாள். குழாய் மூடியிருந்தது. பாதையும் காய்ந்திருந்தது. அவன் வரும் நேரம் தாண்டியதும் இரண்டு கோப்பையையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் இன்னும் சூடாகத்தான் இருந்தன.