தை மாதத்துப் பூச்சியங்கள்

எண்ணுகிற உத்தியோகத்தில் எழுதுவதற்கு மிகச் சுலபமான எண் பூச்சியம். எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் கஷ்டம்.

எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்தில் படித்த விலங்கியல் பட்டத்தோடு ஒக்லாந்துக்கு வந்த எனக்கு, ஆற்றோரச் சதுப்புகளில் மீனும் தவளையும் எண்ணுகிற தற்காலிக வேலை கிடைத்தது. காணிக்காரர் ஒருவர் தன் சதுப்பை வற்றடிக்கக் கேட்டால் நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும். இந்த நாட்டுக்கே உரிய மீன் இருந்தால் வாய்க்கால் வெட்ட முடியாது. இல்லையென்று எழுதினால் கிழங்கு கிண்டுவதுபோல் வெட்டலாம். சேற்றில் ஒரு சப்பாத்தையாவது பறிகொடுத்த வாசகர்களுக்கு இந்த வேலையின் சுகத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்மைட் போத்தல்

மீன் பிடிக்கிற கம்பிக் கூட்டுக்குள் இரையாக மார்மைட் வைக்கலாம் என்று சொல்லித் தந்தவர் என் மேலதிகாரி பீட்டர். பாணுக்குப் பூசுகிற அதே கறுப்புக் களிதான். அடுத்த நாள் காலையில் வீட்டில் இருந்த போத்தலை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஏவன்டேலில் எங்கள் வாடகை வீடு. என் மனைவி றீற்றா மன்னார்க்காரி, மீனைப் பற்றி அவளிடம் பெருமை பேசுவது புத்தியில்லை. அது தெரிந்தும், பின்னேரம் வந்து இரண்டு விலாங்கு அகப்பட்டதாகச் சொன்னேன். காலையில் வெறும் பாண் தின்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"இவ்வளவு படிச்சுப்போட்டு, விலாங்குக்குக் காலைச் சாப்பாடு குடுக்கிற வேலையோ கிடைச்சது?"

ஒரே கட்டம்

இப்போது வெஸ்ட்கேட் என்று கடைகளும் வீடுகளுமாகக் கிடக்கிற பக்கம் அப்போது மாட்டுப் பண்ணைகள்தான். அங்கே றோய் என்ற கிழவருக்கு ஆற்றை ஒட்டி ஒரு சதுப்பு இருந்தது. வற்றடித்துப் புல் விதைக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

மாடு தண்ணீர் குடிக்கிற குட்டையில் பச்சைத் தவளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். படிவத்தில் 'உள்ளூர்' என்று ஒரு கட்டம், 'வெளியே இருந்து வந்தது' என்று ஒரு கட்டம். தவளைகள் எல்லாம் இரண்டாவதில் விழுந்தன. வேலியில் சாய்ந்து நின்ற றோய், அவை எங்கிருந்து வந்தவை என்று கேட்டார். அவுஸ்திரேலியா என்றேன். நீ? இலங்கை. அவர் விரல் மடித்து எண்ணினார்.

"என்ர பாட்டன் ஸ்கொட்லாந்து. அப்ப நான், நீ, தவளை மூண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள்ளதான்."

அட்டவணை

றோயினுடையது உட்பட மூன்று சதுப்புகளில் மீன் பார்க்க நாள் குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டிசம்பர் நத்தாருக்குப் பிறகு இந்த நாடே கடற்கரைக்குப் போய்விடும். பீட்டரும் போய்விட்டார், கேட்க ஆளில்லை. தை மாதம் என்று எழுதினேன். ஊரில் தை என்றால் மழை முடிந்து குளம் நிறைந்திருக்கும் என்பது எலும்பில் ஊறிய கணக்கு. இங்கே அது உச்சக் கோடை என்று தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

போனால் மூன்று இடமும் வெடித்துக் காய்ந்து கிடந்தன. கூடு வைக்கத் தண்ணீர் இல்லை. மூன்றிலும் மீனுக்கு நேரே பூச்சியம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். விடுமுறை முடிந்து வந்த பீட்டர் புரட்டிப் பார்த்தார்.

"சுத்தமான வேலை."

சோற்றுக் கோப்பையோடு

மாசி மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது, தண்ணீர் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்த கதையை றீற்றாவிடம் சொன்னேன். அவள் கை கோப்பையிலேயே நின்றது.

"தண்ணி வத்தினா மீன் எங்க போறது, பஸ் பிடிச்சோ? எங்கட குளத்தில கோடையில சேத்தைக் கிண்டித்தானே விரால் எடுக்கிறவை. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். தெரிந்த நான்தான் மூன்று பூச்சியம் போட்டிருந்தேன்.

கட்டைக்கு அடியில்

விடிந்ததும் றோயின் சதுப்புக்குப் போனேன். உக்கிய மரக்கட்டை ஒன்றைப் புரட்டினேன். அடியில் ஈர மண்ணில், விரல் நீளத்தில், மண்ணிறமாக ஒன்று சுருண்டு கிடந்தது. தொட்டேன், அசைந்தது. சேற்றுமீன். தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்காகத் தாக்குப்பிடிக்கிற, இந்த நாட்டுக்கே உரிய மீன். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில்தான்.

றோய் வந்து குனிந்து பார்த்தார். அவருடைய புல்வெளி போய்விட்டது என்பது அவருக்கு உடனே விளங்கியது. கத்துவார் என்று நினைத்தேன். அவர் கட்டையை மெதுவாகப் பழையபடி வைத்தார்.

"நாப்பது வருஷமா இதுக்கு மேலதான் இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்."

திருத்தம்

மூன்று அறிக்கையும் பிழை என்று எழுதிக்கொண்டு பீட்டரிடம் போனேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. றோயின் சதுப்பு தப்பியது. மற்ற இரண்டுக்கும் போன கிழமையே அனுமதி போய்விட்டதாகப் பீட்டர் சொன்னார்.

நேரே ஓடினேன். ஒன்றில் வாய்க்கால் வெட்டி முடிந்து, ஆழத்தில் ஊறிய தண்ணீர் பளபளவென்று ஓடியது. மற்றதில் இயந்திரம் கடைசிப் பக்கத்தில் நின்றது. குவித்துப் போட்ட மண்ணைக் கையால் கிளறினேன், பொழுதுபடும்வரை. ஒன்றும் அகப்படவில்லை. இயந்திரம் ஓட்டியவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஏதும் துலைச்சிட்டீரோ?"

அன்றிலிருந்து, எங்கேயாவது எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால், எந்த மாசம் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டு மனிதர்களைக் கோபப்படுத்துகிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது.