வெறும் போத்தலோடு வந்தவர்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். என் பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் லேசாக ஆடியது. ஒரு நட்டை இறுக்கினால் தீரும் வேலை. இறுக்குமுன் உள்ளே துடைத்துவிடலாமே என்று கழற்றித் தொலைத்தேன். முன்சக்கரம் சரிந்தது. உள்ளிருந்த சின்ன இரும்புக் குண்டுகள் டிஸ்பென்சரி முற்றத்துச் சரளையில் சிதறி ஓடின. கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் லயத்து வீடொன்றில் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தது. நடந்து போனால் இருட்டிவிடும்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். தொழிற்சாலையில் தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்குகிறவர். மூக்குத்தி இருக்கவேண்டிய இடத்தில் ஈர்க்குத் துண்டு. யாரிடம் பேசினாலும் பார்வை தரையில்தான் இருக்கும். குழந்தையைப் பற்றிச் சொன்னேன்.

"குண்டு எத்தனைங்கய்யா?"

"எண்ணலியேம்மா."

குண்டுகள் உட்காரும் வளையத்தைக் காட்டினேன்.

"அப்ப இது நெறையிற வரைக்கும் பொறுக்குவோம்."

குந்தி உட்கார்ந்து, சரளையை விரலால் விலக்கி, கிடைத்ததையெல்லாம் கையிலிருந்த வெறும் போத்தலில் போட்டார். நான் கிரீஸ் தடவி அடுக்கினேன். இன்னும் ஒன்றுக்கு இடமிருந்தது. "போதும்மா" என்றேன். "இருங்க" என்றவர், அதை என் கால்சட்டை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

குழந்தை பிழைத்தது. என்னைத்தான் கும்பிட்டார்கள்.

திரும்பியபோது டிஸ்பென்சரிப் படியில் அந்தப் போத்தல் கிரீஸ் பிசுக்கோடு இருந்தது. அதில் மருந்து வாங்க வந்தவர், கேட்காமலே போயிருக்கிறார். மறுநாள் கழுவி எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினேன்.

"வீட்டுக்காரருக்கு இருமலுங்க. இப்ப தேவலைங்கய்யா" என்றார்.

உண்மைதானா என்று கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைத்தேன். அவர் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்.