எட்டாவது மூன்று

நேற்று ஓசூர் பேருந்து நிலையத்தருகே நெரிசலில் மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற லாரியின் எண் 3331. உங்களுக்கு அது வெறும் நம்பர். எனக்கு அப்படியில்லை. டீசல் புகையோடு ஸ்டெல்லாவும் வந்துவிட்டாள்.

அறுபதுகளின் கடைசி. நானும் அவளும் ஓசூரில் ஒரே பள்ளியில் கணக்கு டீச்சர்கள். நான் மணியடித்ததும் கணக்கை மூடிவைத்துவிடுவேன். அவளுக்கு அப்போதுதான் தொடங்கும்.

31, 331, 3331... அவள் பார்த்தவரை எத்தனை மூன்று போட்டுக் கடைசியில் ஒன்று வைத்தாலும் பகா எண்ணாகவே இருந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். ஏழு மூன்றுகள் கொண்ட 33333331ஐச் சோதிக்க, ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரை உள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க வகுத்தாள். ஒன்றுகூட மீதியின்றிப் போகவில்லை.

அவள் அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப்பண்ணையில் வேலை. ஈஸ்டர் கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார். "பெங்களூரு புரொபசரு மேல படிக்கச் சேத்துக்கிட்டா தள்ளி வெக்கிறேன். இல்லேன்னா பேச்சே கெடையாது" என்றார். எத்தனை மூன்று போட்டாலும் பகா எண்தான் என்று, அவள் கடிதம் எழுதிக் கேட்டிருந்த அந்தப் புரொபசரிடம் சொல்லத்தான் நாங்கள் பஸ் ஏறினோம்.

அரிசிக் கடத்தல் மும்முரமாக இருந்த காலம். எல்லையில் போலீஸ்காரர்கள் சீட்டுக்கடியில் மூட்டை தேடினார்கள். "இன்னும் அர்த்த கண்ட்டே ஆகுத்தம்மா" என்று அரை மணிக்குக் கணக்குச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் பீடி பிடிக்க இறங்கினார். சும்மா உட்கார எனக்கு வராது. வேர்க்கடலை சுற்றிய தாளில் எட்டு மூன்றும் ஒன்றும் எழுதினேன். ஏழுக்கே வருஷம் போனதால் அவள் எட்டைத் தொடவே இல்லை.

ஏழால் வகுத்தேன்; மீதி. பதினொன்று, பதிமூன்று, மீதி. பதினேழு.

மீதி இல்லை.

"ஸ்டெல்லா, இதப் பாருடீ."

தாளைப் பிடுங்கினாள். கடலை தரையெல்லாம் சிதறியது. இரண்டு தரம் வகுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பதினேழா? ஐயாயிரம் தாண்டிப் போனவளுக்குப் பதினேழாடீ?"

"ஏழு வரைக்கும் சரிதானே. எட்டப் பத்திப் பேசாத" என்றேன். கணக்கு டீச்சர் பேசுகிற பேச்சா அது!

"தெரிஞ்சப்புறம் எப்பிடிடீ மறைக்கிறது?"

புரொபசர் அறையில் அவள் உட்காரக்கூட இல்லை. "சார், ஏழு மூணு வரைக்கும் நெலச்சது. எட்டுல ஒடஞ்சிடுச்சி" என்றாள். அவர் தானே வகுத்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதினேழிலா!" என்றார். அவருக்கும் அதே அதிர்ச்சி. உடைந்ததை மறைக்காமல் வந்து சொன்னவளை அந்த வருஷமே சேர்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அவளும் வருந்தவில்லை. பெங்களூரிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தாள். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது செல்போனில் அந்த எட்டு மூன்று எண்ணைப் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பதினேழு என்று விடை வந்துவிடுகிறது. அதைப் பார்த்து என்னோடு சேர்ந்து திடுக்கிடத்தான் ஆள் இல்லை.