வெறுங்கட்டத்தில் ஒன்று

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மலையாள தேசத்தில், சாலை என்கிற கடைத்தெருவில், ஒரு பாத்திர மொத்தக் கடையில் நான் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பகவான் புண்ணியத்தில் டைப் அடிக்கத் தெரியும். அதனால் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் என்னை அதன் முன்னால் உட்கார்த்தி வைத்தார்கள். காலையில் பிள்ளையாருக்குக் காட்டுகிற சூடத்தை முதலாளி அதற்கும் ஒரு சுற்று காட்டுவார். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பொத்தானை அமுக்குவேன்.

அதன் முக்கிய வேலை பங்கு பிரிப்பது. தாளில் கட்டம் போட்டால் நீளம், அகலம் என்று இரண்டு பக்கம்தான். இதற்கு நாலு பக்கம்: எந்தக் கிளை, எந்தச் சாமான், என்ன அளவு, எந்த மாதம். நாலும் சந்திக்கிற இடம் ஒரு கட்டம். நெடுமங்காட்டுக் கிளையில் மாசி மாதம் நடுத்தர அளவில் உருளி என்கிற வெண்கலப் பாத்திரம் எத்தனை போனது என்றால் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. வருஷத்துக்கு இத்தனை உருளி என்று முதலாளி மொத்தமாகச் சொல்வார். போன வருஷ விற்பனையைப் பார்த்து, கம்ப்யூட்டர் அதை அந்தந்தக் கட்டத்துக்குப் பிரித்துக் கொடுக்கும்.

கட்டங்களில் முக்கால்வாசி காலியாகத்தான் இருக்கும். கோவில் பாயசம் காய்ச்சுகிற பெரிய வார்ப்பை வித்துராக் கிளையில் மாதாமாதம் யார் வாங்கப் போகிறார்கள்? ஆனால் முதலாளிக்கு அந்தக் காலி பொறுக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் அரிசி தீர்ந்தால்கூட ‘இல்லை’ என்று வாயால் சொல்லமாட்டார்கள், ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். மொய் எழுதினாலும் நூறோடு ஒன்று சேர்த்துத்தான் எழுதுவது. அவர் திரையைப் பார்த்து, “ஒரு ஒண்ணாவது போடுடே. வெறுங்கட்டம் வியாபாரத்துக்கு ஆகாது” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. லக்ஷ்மி நடமாடும் இடம் அல்லவா. முருகா என்று சொல்லி எல்லாக் காலிக் கட்டத்திலும் ஒன்று நிரப்பினேன். திரை முழுக்க ஒன்றொன்றாக நின்றதைப் பார்க்க வரிசையாக அகல் ஏற்றி வைத்தது போல அழகாக இருந்தது.

பங்கு பிரிக்கிற நாளும் வந்தது. மறுநாள் காலை நாகர்கோவில் பக்கத்து அம்மன் கோவிலில் என் தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்தவேண்டும். தங்கைக்கு நான் ஒருவன்தான் அண்ணன். சாயங்காலம் தம்பானூரில் பஸ் ஏறியாக வேண்டும். முதலாளியோ, மறுநாள் பாத்திரக் கம்பெனிக்கு ஆர்டர் போகவேண்டும், பங்கு முடியாமல் படி இறங்கக் கூடாது என்றுவிட்டார்.

அதற்கு முந்தின தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்த வேலை. இந்தத் தடவை சாப்பாடு முடிந்தது, சாப்பிட்ட களைப்பு முடிந்தது, திரையில் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பச்சைக் கோடு மட்டும் முழங்கால் வலிக்காரர் மலை ஏறுவது போல நின்று நின்று போனது. நான் கந்த சஷ்டி கவசத்தைச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். கோடு அசையவில்லை. தங்கை போனில் கூப்பிட்டாள்.

“தாய்மாமன் மடி இல்லாம எப்படிண்ணே குத்துறது? உன் கம்ப்யூட்டர் மடியில பிள்ளைய வைக்கட்டுமா?”

பங்கு பிரிக்கிற புரோகிராமை எழுதிக் கொடுத்த, கழக்கூட்டம் என்ற ஊரில் இருந்த கம்பெனிக்கு முதலாளியே போன் போட்டார். மலையாளத்துப் பெண் ஒருத்தி வந்தாள். முதலில் புரோகிராமைத் திறந்து பார்த்து, எழுதிய ஆள் பெங்களூருக்குப் போய்விட்டதற்காக வருத்தப்பட்டாள். அவன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பங்கு போடும்போது மொத்தத்தை மறுபடி முதலிலிருந்து கூட்டச் சொல்லியிருந்தானாம். ஒவ்வொரு இலைக்கும் சோறு வைக்கும் முன் பந்தியில் எத்தனை பேர் என்று வாசலிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறவன் மாதிரி. அதை ஒரே தடவை கூட்டி ஓரமாக வைத்துக்கொள்ளும்படி மாற்றினாள். கோடு கொஞ்சம் நடந்தது. அவ்வளவுதான். பிறகு கட்டங்களைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சேட்டா, இந்த ஒண்ணெல்லாம் ஆரு இட்டது?”

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி பிள்ளையாரைப் பார்த்தார்.

“காலிக் கட்டம்னா இது நோக்காமே தாண்டிப் போவும். ஒண்ணு இருந்தா நின்னு கணக்கு போட்டே ஆகணும். இப்போ எல்லாத்திலயும் நின்னு நின்னு போகுது” என்றாள். கூடவே, வித்துராவுக்கு எல்லா மாதமும் பெரிய வார்ப்பு பங்கு விழுந்திருப்பதையும் காட்டினாள். ஒன்றுகளை எடுத்துவிட்டுப் பழைய விற்பனையை மறுபடி ஏற்றலாமா என்று கேட்டாள்.

முதலாளி தலையாட்டவில்லை. வார்ப்பு போனால் போகட்டும், வெறுங்கட்டம் கூடாது என்று நின்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். என் கண்ணில் தங்கை மகள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மடி தேடி நின்றாள். அப்போது அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றும் ஆச்சரியப்படுகிறேன்; அந்த அம்மன்தான் சொல்ல வைத்திருக்கவேண்டும்.

“மொதலாளி, ஆள் இல்லாத இலையில சோறு வெளம்புறது எதுக்கு?”

அவர் முகம் மாறியது. ஆள் இல்லாத இலையில் சோறு வைப்பது செத்தவர்களுக்குப் படைக்கும்போது. கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

“கடைக்குள்ள வச்சு என்ன பேச்சுடே பேசுற? அழிக்கச் சொல்லு, மொதல்ல அழிக்கச் சொல்லு.”

அவள் கை வைக்கும்போது மட்டும் குரல் இறங்கி, முதல் கட்டத்தில் ஒரே ஒரு ஒன்று இருக்கட்டும், பிள்ளையார் சுழி மாதிரி, என்று கெஞ்சினார். “ஒரெண்ணம் அல்லே, சாரமில்லே” என்று, ஒன்றுதானே, பரவாயில்லை என்ற அர்த்தத்தில், அவள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். எனக்கு வந்த சாயா ஆறுவதற்குள் பங்கு முடிந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வார்ப்பு வித்துராவை விட்டு இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பையை எடுத்தேன்.

மறுநாள் பிள்ளை என் மடியில் உட்கார்ந்தாள். முதல் காதுக்கு அழுதாள், இரண்டாவது காதுக்கு என் கையைக் கடித்தாள். பல் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டே அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

பந்தியில் சோற்று வாளியை என்னிடம் கொடுத்தார்கள். இலைகள் போட்டாயிற்று, கூட்டம் கை கழுவப் போயிருந்தது. நான் வாளியோடு அசையாமல் நின்றேன். தங்கை வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன மச்சான், வெளம்பாம யோசிக்கீங்க?”

“ஆள் உக்காரட்டும்” என்றேன்.