கல்லுளிமங்கன் அழுத நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடிச் சனிக்கிழமை. குச்சனூர் கோயிலில் கும்பிட்டு முடித்து, நானும் மனைவியும் சின்னமனூர் பஸ்ஸுக்காகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தோம். என் தோளில் பத்து மாதப் பையன்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேசில் அழ மாட்டான், சிரிக்கவும் மாட்டான். யார் தூக்கினாலும் புருவத்தைச் சுருக்கி, பெண் பார்க்க வந்த பெரிய மனிதர் மாதிரி ஏற இறங்கப் பார்ப்பான். தடுப்பூசி போட்டபோதுகூட முதலில் நர்சை முறைத்தான்; அப்புறம் திரும்பி அம்மாவைப் பார்த்த பிறகுதான் வீறிட்டான்.

நான் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். அவன் எழுவதற்கு முன் கிளம்பி, அவன் தூங்கி விழும் நேரத்துக்கு வருவேன். லீவு நாளில் தூக்கினால் என்னையும் அதே முறைப்புதான் முறைப்பான்.

"இவன் என்னை அப்பான்னு நினைக்கிறானா, டிரைவர்னு நினைக்கிறானா?" என்பேன்.

"சரியான கல்லுளிமங்கன். உங்களை உரிச்சு வச்சிருக்கான்" என்பாள் மனைவி. நானும் சிரிப்பேன். உள்ளே வலிக்கும்.

பஸ் வந்தது. ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் பறந்தன. நெரிசலில் நசுங்காமல் இருக்கட்டும் என்று கைப்பிள்ளையை உள்ளே இருப்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுவது நம் பக்கம் வழக்கம்தானே? ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாவிடம், "அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்கங்க, இந்தா ஏறிர்றேன்" என்று நீட்டினேன். உண்மையைச் சொன்னால், பக்கத்து சீட்டு காலியாக இருந்ததும் ஒரு காரணம்.

படியில் ஒரு கால் வைத்தேன். யாரோ இடித்த இடியில் செருப்பு அறுந்து கீழே விழுந்தேன். எழுவதற்குள் விசில் ஊதி, பஸ் போயே விட்டது.

கத்திக்கொண்டே ஓடினேன். யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலேயே வந்த மனைவி, "ஏங்க, பிள்ளை எங்க?" என்றாள். ரோட்டைக் கை காட்டினேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மாவின் பேர் தெரியாது, ஊர் தெரியாது. முகம்கூட நினைவில் இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

யாரோ ஒரு தம்பி, "ஏறுங்கண்ணே" என்று பைக்கை முறுக்கினார். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், அவன் அழ மாட்டானே என்று. அழுதாலாவது யார் பிள்ளை என்று நாலு பேர் கேட்பார்கள். இவன் புது மடியில் கம்மென்று உட்கார்ந்திருப்பான். அந்த அம்மாவின் பிள்ளை என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். எந்தக் குணத்தைச் சொல்லிப் பத்து மாதமாகக் கேலி செய்தேனோ, அந்தக் குணத்துக்கே இப்போது பயந்தேன்.

தூரத்தில் பஸ்ஸின் முதுகு தெரிந்தது. "அந்தா போகுது, விட்றாதீங்க!" என்று கத்தினேன். ஒரு ஸ்டாப்பிங் அருகே வேகத்தடைக்காக பைக் மெதுவானது. அப்போதும் என் கண் பஸ்ஸின் மேலேயே இருந்தது.

இடப்பக்கம் ஒரு வீறல் கேட்டது. ஊசி போட்ட அன்று கேட்ட அதே வீறல். திரும்பினேன். புளியமரத்தடியில் பச்சை வளையல் கை. இடுப்பில் என் மகன், முகம் சிவக்க, இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான். பைக் நிற்பதற்குள் குதித்து ஓடி அவனை வாங்கினேன்.

"பிள்ளையக் குடுத்தா சீட்டுப் பிடிப்பாக?" என்று அந்த அம்மா ஒரு பிடி பிடித்தார். பிறகு குரல் இறங்கியது. "சின்னமனூர் ஸ்டேசன்ல விட்டுரலாம்னு கண்டக்டர் சொன்னாக. பெத்தவக இந்த ரோட்டுலதேன் பதறி வருவாகன்னு நான் இங்கனயே எறங்கிட்டேன். இம்புட்டு நேரம் மூச்சுக் காட்டல தம்பி. வர்ற வண்டிய எல்லாம் மொறைச்சு மொறைச்சுப் பாத்தான். ஒன்னையக் கண்டதும்தேன் இந்த அழுகை."

நான் கும்பிட்டதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

குச்சனூர் திரும்பியதும் மனைவி அழுதுகொண்டே கை நீட்டினாள். அவன் போகவில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி விசும்பிக்கொண்டே இருந்தான்.

அழுகையை அடக்கி வைத்து, தன் ஆளைக் கண்ட பிறகே கொட்டுகிற பிள்ளை அவன். அந்த ஆள் நானும்தான் என்று தெரிந்துகொள்ள அவனையே தொலைக்கப் பார்த்தேனே என்பது இன்றும் உறுத்துகிறது.